கிராபீன் மதாம்

பங்குச் சந்தையில் பிறருக்காக வாங்கி விற்பவர்கள் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மறுபடியும் எழுத வேண்டும். தேறியதற்கான சான்றிதழைச் சட்டம் போட்டு என் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தேன். மதாம் முதல் தடவை மாடிப்படி ஏறி வந்த அன்று, உட்காருவதற்கு முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். அறையில் நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"இது போன மாசத்தோட முடிஞ்சு போச்சேம்மா," என்றார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. மறுதேர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். அதுவரை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கேன் மதாம்."

"அப்ப அந்தச் சீட்டையும் பக்கத்துல ஒட்டிடுங்க. வர்றவங்க தெரிஞ்சுக்கட்டும்."

சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, கணக்குத் தொடங்கும் படிவத்தைக் கேட்டார். நான் பேனா கொடுக்கவில்லை. அவரே பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். பென்சிலில் எழுதக் கூடாது என்று சொல்வதில் எனக்கு அன்றைக்கு ஒரு சின்னச் சந்தோஷம் கிடைத்தது.

காரைக்கால் மாதாகோயில் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது என் ஆபீஸ். மதாம் அதன் பிறகு நாலு வருடம் அந்தப் படிகளில் ஏறி வந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சின்ன வயதிலேயே அந்த நாட்டுக்குப் போன மதாம், அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். பென்சன் வர ஆரம்பித்ததும் தனியாகத் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்துகொண்டார். பிரான்சிலிருந்து வந்தவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'மதாம்'. "நான் விஞ்ஞானி இல்லம்மா. சாமான் கழுவி, சாம்பிள் தயார் பண்ணிக் குடுத்தவ," என்பார். கைத்தறிச் சேலை, அதற்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடுகிற வெள்ளை ஷூ, கழுத்துக்கு மேலே வெட்டிய நரைமுடி. தெருவில் வருவது தூரத்திலேயே தெரியும்.

தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள அவரால் முடியாது. வம்பு பேசுகிறவர் இல்லை. அடுத்த வீட்டுக் கதை எதுவும் அவர் வாயில் வந்ததில்லை. ஆனால் தனக்குத் தெரிந்த ஒன்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது, தெரியாததால் அவருக்கு நஷ்டம் என்று தோன்றிவிட்டால் போதும், நெருப்புத் துண்டைக் கையில் வைத்திருப்பவர் போல ஆகிவிடுவார். மீன் மார்க்கெட்டில் பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத பெண்ணிடம், "இந்தச் சங்கரா நேத்தையது, எனக்கு நேத்தே காட்டுனாங்க," என்று சொல்லிவிடுவார். மீன்காரம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவார். மதாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் நாளாக ஆக, நல்ல மீன் வந்த அன்று அதே மீன்காரம்மா, "மதாம், இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க," என்று கூப்பிட ஆரம்பித்தார். மதாம் நல்லது என்று சொன்ன கூடை கால் மணி நேரத்தில் காலியாகிவிடும்.

வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட நினைத்தபோது தரகர் மூன்று குடும்பங்களைக் கூட்டி வந்தார். மூவரிடமும் மதாம் சொன்ன முதல் வாக்கியம், "மழைக்காலத்துல இந்தச் செவுரு ஓதம் காக்கும்." மூன்று பேரும் போய்விட்டார்கள். நாலாவதாக வந்த, பக்கத்து ஊரான நெரவியைச் சேர்ந்த ஒருவர், "வீட்டுக்காரம்மாவே இதைச் சொல்றாங்கன்னா வேற கோளாறு இருக்காது," என்று குடிவந்தார். இதை மதாம் என்னிடம் ஒரு வெற்றியாகச் சொல்லவில்லை. தரகருக்கு மூன்று நாள் வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் வேறு மாதிரி. என் தொழிலே தெரிந்ததை அடக்கிக்கொள்வதுதான். யார் எதை வாங்கினார்கள், யார் மனைவிக்குத் தெரியாமல் விற்றார்கள், யார் முகம் ஏன் செத்துக் கிடக்கிறது, எல்லாம் தெரியும். ஒன்றும் தெரியாதவள் போல டீ சொல்லுவேன். அதனால்தானோ என்னவோ அவர் வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. வராவிட்டால் மாலை நீளமாக இருந்தது.

சந்தை மூன்றரைக்கு மூடும். அதுவரை சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்த திரை அப்படியே நின்றுவிடும். கீழே மருந்துக் கடையில் ஆள் குறைந்துவிடும். கடல் பக்கமிருந்து காற்று திரும்பும். நாலு மணி வாக்கில் மதாம் ஒரு நீள ரொட்டியும் கொஞ்சம் வெண்ணெயுமாக வருவார். சந்தை திறந்திருக்கும்போது அவர் பெரும்பாலும் வந்ததில்லை. "ஓடிக்கிட்டிருக்கிற எண்ணைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் யோசிக்க முடியலை," என்பார். வாங்க வேண்டியதை மறுநாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் வாங்கியதெல்லாம் ஒரே ஒரு பொருளைத் தேடித்தான். கிராபீன். அதைத் தயாரிக்கிற, அல்லது தாங்கள் செய்யும் சரக்கில் அதைக் கலந்து விற்கிற கம்பெனிகளின் பங்குகள். நம் நாட்டில் அப்படிப்பட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். மூன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒன்று ரப்பரில் கலப்பது, ஒன்று பேட்டரிக்குள் போவது. மூன்றாவது, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சு செய்வது.

"அப்படி என்ன மதாம் அதுல?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

பென்சிலை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி அழுத்திக் கறுப்பாகத் தேய்த்தார். என் மேஜையிலிருந்த ஒட்டும் டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டி எடுத்தார். டேப்பில் கரி வந்திருந்தது. இன்னொரு டேப்பை அதோடு ஒட்டிப் பிரித்தார். இரண்டிலும் கரி, கொஞ்சம் மங்கலாக. மறுபடி வேறொன்று. இப்படி ஏழெட்டுத் தடவை. கடைசி டேப்பில் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். மேற்கு வெயில் அதன் வழியாக விழுந்தது.

"பென்சில்ல இருக்குறது கிராபைட்டு. அது ஒரு தாள் கட்டு மாதிரி, அடுக்கு அடுக்கா இருக்கும். பிரிச்சுக்கிட்டே போனா கடைசியா ஒரே ஒரு தாள் நிக்கும். அதுக்கு மேல பிரிக்க முடியாது. ஒரு அணு கனம்தான். அதுதான் கிராபீன். இந்த டேப்புல எங்கயோ ஒரு துணுக்கு இருக்கும். எங்கன்னு எனக்கும் தெரியாது."

ஆய்வுக்கூடத்தில் அவர் அதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். லேசான ஊதா நிறத்தில், மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல இருந்ததாம். ஆனால் எஃகைவிடப் பல மடங்கு உறுதி. காற்றுகூட அதைத் தாண்டிப் போகாது. "அந்தத் துணுக்கைத் தேடிப் பிடிச்சுக் காட்டுன பொண்ணு, எங்க லாப்ல படிக்க வந்தவ, அழுதுட்டா. நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன். கழுவிக்கிட்டே எனக்கும் அழுகை வந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க."

இன்னொரு நாள், ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "நம்ம காரைக்கால் முழுக்க ஒத்தை அடுக்கா விரிச்சா எவ்வளவு எடை வரும்னு நேத்து கணக்குப் போட்டேன்," என்றார். "கடற்கரையிலேருந்து திருநள்ளாறு தாண்டி அந்த எல்லை வரைக்கும். ரெண்டு மூணு சிமெண்டு மூட்டைதான்மா. ஒரு ஆட்டோவுல ஏத்திடலாம்."

நான் அதைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வண்டியோட்டிப் போகையில் தலைக்கு மேல் அது விரிந்திருப்பதாக. நெரவி வயல்களின் மேல், தென்னைகளின் மேல், அரசலாற்றின் மேல், யார் கண்ணுக்கும் தெரியாமல். வெயில் அதன் வழியாக இறங்குகிறது, மழை மட்டும் அதன் மேலேயே தங்கி, ஊருக்கு மேலே இன்னொரு கடலாக நிற்கிறது. கொக்குகள் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகின்றன. இப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை நான். ஆனால் அந்தக் காலத்தில் நினைத்தேன்.

மதாம் யாரையும் வாங்கச் சொன்னதில்லை. கேட்டால் தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். "இது பத்து வருஷத்துல பெருசாகலாம். ஆகாமலேயும் போகலாம். லாப்ல வந்த எத்தனையோ பொருள் கடைக்கு வரவே இல்ல." மற்றவர்களின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மீன்காரம்மாவின் கூடை மாதிரிதான் இதுவும். மதாம் வாங்குகிறார் என்று தெரிந்ததும் என் வாடிக்கையாளர்கள் சிலர் வாங்கினார்கள். மூன்றில் அவர்கள் வாங்கியது பூச்சுக் கம்பெனியைத்தான். உப்புக் காற்றில் இருக்கிற ஊர் இது. ஜன்னல் கம்பி மூன்று வருடம் தாங்காது. துருப்பிடிக்க விடாத பூச்சு என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பெயிண்டு கடை பாய் வாங்கினார். தன் கடையிலேயே அந்தப் பூச்சு டின்களை வரவழைத்தும் வைத்தார். விழிதியூர் கலியபெருமாள் வாங்கினார். அவர் ஒரு துண்டு நிலத்தை விற்ற பணத்தை வைத்திருந்தார். ரிட்டயரான டீச்சர் ஒருவர் வாங்கினார். நானும் வாங்கினேன், மகளின் காலேஜுக்கென்று சேர்த்திருந்ததில். விலை ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. தெருவில் மதாமைக் 'கிராபீன் மதாம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கேலியாக ஆரம்பித்தது, ஒரு வருடத்தில் மரியாதையாகிவிட்டது.

பாய் தன் கடை ஷட்டரின் ஒரு பாதிக்கு அந்தப் பூச்சையும் மறு பாதிக்குச் சாதாரணப் பூச்சையும் அடித்திருந்தார், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. ஒரு மழைக்காலம் முடிந்தது. மதாம் அந்த வழியே போனவர் ஷட்டர் முன்னால் நின்றுவிட்டார். இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி துரு.

"அடிக்கிறதுல ஏதும் தப்பு நடந்திருக்கும் மதாம். நம்ம நசீபு," என்றார் பாய்.

"இருக்கலாம். எனக்குத் தெரியல," என்றார் மதாம். தெரியவில்லை என்பது அவருக்கு ஒரு முடிவல்ல. அந்தக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் வேறு மாநிலத்தில் நடந்தது. ரயிலேறிப் போனார். பங்குதாரர்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் எழுந்து, "உங்க பொடியில ஒரு ஸ்பூன் குடுப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்தார்களாம். பிறகு பெருமையாக ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அதை டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்து, பிரான்சுக்குப் போகும் உறவுக்காரர் கையில் கொடுத்து, தன் பழைய ஆய்வுக்கூடத் தோழிக்கு அனுப்பினார். அங்கே லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிற கருவி இருக்கிறது. பொடி எது, எத்தனை அடுக்கு என்று அது சொல்லிவிடும்.

பதில் வந்த நாள் எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. காலை பதினோரு மணி. சந்தை நேரத்தில் வராதவர் அன்று மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அறையில் நான் மட்டும் இருந்தேன். போனை என் முன்னால் வைத்தார். ஒரு வரைபடம், மேலும் கீழுமாக ஒரு கோடு.

"இங்க ஒரு கூம்பு உசந்து நிக்கணும். நிக்கல பாருங்க. இது கிராபீனே இல்லம்மா. வெறும் கிராபைட்டு. பென்சில் கரி. அதை நைசா அரைச்சு வெச்சிருக்காங்க."

"கம்பெனிக்கே தெரியாம இருக்குமா மதாம்?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லப் போறதில்ல. இது தெரியும். இதை எல்லாருக்கும் சொல்லணும்."

திரையில் விலை பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. "முதல்ல உங்களோடதை வித்துடலாம்," என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. கலியபெருமாளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்று விடுகிற சமயம், ஆள் வயலில் இருப்பார், போன் வீட்டில் இருக்கும். "நான் விழிதியூருக்குப் போறேன். நீங்க பாய்க்கும் டீச்சருக்கும் சொல்லிடுங்க. அப்புறம் நெட்ல எழுதிடலாம், ஊருக்கே தெரியுற மாதிரி," என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார். "நெட்ல இப்பவே எழுதிட்டா விலை விழுந்துடுமா?"

"உடனே விழுந்துடும். அப்புறம் கலியபெருமாள் விக்க முடியாது."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நிலத்தை வித்த காசு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இறங்கிப் போய்விட்டார். கீழே ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

பாய்க்குப் போன் போடுவதற்காகக் கையில் எடுத்த போனை மேஜையில் வைத்தேன். என் பெயரில் இருந்த பங்குகளை முதலில் விற்றேன். மொத்தமாகப் போட்டால் விலை சரியும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் விசிறிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. கடைசிப் பங்கும் போன பிறகுதான் பாயைக் கூப்பிட்டேன், பிறகு டீச்சரை. அவர்களுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் குறைந்த விலை. அதிகமில்லை.

ஒரு மணிக்கு மதாம் கலியபெருமாளோடு வந்தார். கலியபெருமாளுக்கு முழங்கால் வரை சேறு. படியெல்லாம் சேற்றுத் தடம். "மதாம் வரப்புல ஓடி வந்தாங்க, யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு நெனைச்சேன்," என்றார் அவர். அவருடையதை விற்றோம். போட்டதைவிட அதிகமாகவே அவர் கைக்கு வந்தது. அவர் மதாமைப் பார்த்துக் கும்பிட்டார். மதாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப உங்களோடதைப் போடுறேன் மதாம்."

"போடாதீங்க."

"ஏன்?"

"இதை வாங்குறது யாரு?"

"யாரோ ஒருத்தர். தெரியாது."

"அவருகிட்ட நான் சொல்ல முடியுமா, இது கரின்னு?"

"எப்படி முடியும்? யாருன்னே தெரியாதே."

"அப்ப நான் எப்படிம்மா விக்கிறது?"

கலியபெருமாள் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். மதாம் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தமிழில் பங்குச் சந்தை பற்றிப் பலரும் எழுதிக்கொள்கிற ஒரு பக்கத்தில், இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். வரைபடத்தின் படத்தைப் போட்டார். தான் யார், என்ன வேலை பார்த்தவர், பொடி எப்படிக் கைக்கு வந்தது, எல்லாம் எழுதினார். சந்தையை மேற்பார்வையிடுகிறவர்களுக்கும் ஒரு மெயில் போட்டார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று என் ஆபீஸ் நம்பரைக் கொடுத்தார். அப்போது மணி ஒன்றரை.

சந்தை மூடுவதற்குள் விலை விழுந்துவிட்டது. மறுநாள் திறந்ததிலிருந்து விற்க ஆள் இருந்தது, வாங்க ஆள் இல்லை. சில மாதம் கழித்து அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவைத்தார்கள். எங்கள் ஊரில் அதில் நஷ்டப்பட்டவர் மதாம் ஒருவர்தான். மற்ற இரண்டு கம்பெனிகளின் பங்குகளை அவர் விடவில்லை. "மனுஷங்க சொன்ன பொய்க்குப் பொருள் என்ன பண்ணும்?" என்றார்.

அவர் மறுபடி வழக்கம் போல நாலு மணிக்கு ரொட்டியோடு வந்தார். ஆனால் ரொட்டியை வெட்டும்போது பேச்சு இல்லை. ஒருநாள், "கடற்கரைக்குப் போவமா?" என்று கேட்டார். சாயந்தர வெயில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் மட்டும் இருந்தது. அரசலாறு கடலில் சேருமிடத்தில் தண்ணீர் எது ஆறு எது கடல் என்று தெரியாமல் பழுப்பும் நீலமுமாகக் கலந்து கிடந்தது. மணலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ரெண்டரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்மா," என்றார். "பதினொண்ணுக்குத் தெரியும். ஒண்ணரைக்குத்தான் எழுதுனேன். கலியபெருமாள் முகம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துல வாங்குனவங்க முகம் தெரியாது. முகம் தெரிஞ்சவருக்காக முகம் தெரியாதவங்களை விட்டுட்டேன். என் ஆயுசுல இப்படி இருந்ததே இல்ல."

அவர் ஏன் தன் பங்குகளை விற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அலை வந்து எங்களுக்கு ஒரு முழம் முன்னால் நின்று திரும்பியது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கேட்கவே இல்லை.

"நீங்க ஆட்டோ ஏறினதும் நான் என்னோடதை வித்துட்டேன் மதாம். பாய்க்குச் சொல்றதுக்கு முன்னாடி."

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"ம்," என்றார். பிறகு, "பொண்ணோட காலேஜுக்கு இல்ல?" என்றார். அது மன்னிப்பா, வெறும் கேள்வியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இருட்டுவதற்கு முன் எழுந்தோம். ஷூவிலிருந்த மணலைத் தட்டித் தட்டிப் போட்டார், வெகுநேரம்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் நாலரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. ஆணின் குரல், கொங்குப் பக்கத்துப் பேச்சு. "நெட்ல அந்தப் பூச்சுக் கம்பெனியப் பத்தி எழுதுன அம்மாகிட்டப் பேசணுங்க." மதாம் எதிரில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான்தான் பேசுறேன், சொல்லுங்க."

"உங்களுக்கு நன்றி சொல்லோணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தனுங்க. அன்னைக்கு மத்தியானம் இன்னொரு மடங்கு வாங்கறதா இருந்தேன். உங்க எழுத்தைப் பார்த்து நிறுத்திட்டனுங்க. பெரிய நஷ்டத்துல இருந்து தப்பிச்சேன்."

மதாம் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னொரு மடங்குன்னா, முன்னாடியே வாங்கி இருந்தீங்களா?"

"ஆமாங்க. அன்னைக்கேதான். காத்தால பதினொண்ணேகால் இருக்கும்."

நான் மதாமைப் பார்க்கவில்லை. கீழே மருந்துக் கடை வாசலின் தகரச் சாய்ப்பில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு அப்ப தெரியும்ங்க," என்றார் மதாம். "பதினோரு மணிக்கே தெரியும். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் நிலம் வித்த காசு அதுல இருந்துச்சு. அவரைத் தேடிப் போயிட்டேன். அவர் வித்த பிறகுதான் எழுதுனேன். நீங்க எனக்கு நன்றி சொல்லக் கூடாது."

நான் போன் பக்கம் குனிந்தேன்.

"நான் இந்த ஆபீஸ் நடத்துறவங்க. எனக்கும் அப்ப தெரியும். நீங்க சொல்ற அந்த நேரத்துலதான் நான் என்னோடதை வித்தேன்."

அவர் போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவரு காசு தப்பிச்சுதுங்களா? நிலம் வித்தவரு?"

"தப்பிச்சிடுச்சுங்க," என்றார் மதாம்.

"சரிங்க," என்றார். கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். "அங்க மழையாட்டம் இருக்குது. சத்தம் கேக்குது."

"ஆமாங்க. மழை."

"இங்க இன்னும் வரலீங்க," என்றவர் வைத்துவிட்டார்.

வெண்ணெய்க் கத்தியை மறுபடி எடுத்த மதாம் அதை அப்படியே வைத்துவிட்டார். "அவரு பேரைக் கேக்கவே இல்லையேம்மா," என்றார். "கூப்பிடுங்க."

"மதாம், விட்டுடலாமே."

"கூப்பிடுங்க. முகம்தான் தெரியல. பேராவது தெரியணும்."

வந்த நம்பருக்கே போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார். மதாம் அவர் பெயரைக் கேட்டார். அவர் சொன்னார், ஊரையும் சேர்த்து. மதாம் அதைத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு தன் முழுப் பெயரையும், அப்பா பெயரோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொல்லி முடித்து, லைனைத் துண்டிக்காமல், போனை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.